என் முன்பற்களைப் பற்றிய வதந்தி

எண்பதுகளின் தொடக்கத்தில், சித்திரை பிறந்து சில நாள்களே ஆகியிருந்த ஒரு சனிக்கிழமை, வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பகல் பேருந்தில் இது நடந்தது. கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. எனக்கு வயது இருபத்து நான்கு. மலையில் ஒரு பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாக இருந்தேன்.

இதை இதுவரை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியைக்கு உரிய மரியாதையை எங்கள் ஊர் எனக்கு இன்றளவும் அளித்துவருகிறது. அதற்குக் குறை நேரும்படி எதையும் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆயினும் அந்த நாளை நினைத்தால் இந்த வயதிலும் நெஞ்சு படபடக்கிறது. ஆகவே பெயர்களை மட்டும் விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் எழுதிவிடத் துணிந்தேன்.

நைனார்பாளையத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் உண்டு. எங்கள் உறவில் கல்லூரிப் படியேறிய முதல் பெண் நான்தான். படிப்பை முடித்து வேலைக்கான உத்தரவு வந்தபோது, அப்பா அதை இரண்டு முறை படித்தார். மடித்து என் கையில் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் கொடுத்தார்.

“போ. வேணான்னு சொல்லல. ஆனா வழியில, பஸ்ஸுல பல்லக் காட்டுனன்னு ஒரே ஒரு சொல்லு எங்காதுக்கு வந்துச்சின்னா, அன்னியோட வேல முடிஞ்சிது. நீ சிரிச்சன்னா நம்ம குடும்பத்தப் பாத்து சந்தி சிரிக்கும்.”

அப்பா சொன்னதைச் செய்பவர் என்பது எனக்குத் தெரியும். அந்த வேலையை நான் உயிராய் நினைத்தேன். எனவே ஒரு முகத்தைத் தயார் செய்துகொண்டேன். உதடுகள் ஒட்டியிருக்கும், பார்வை நேராக இருக்கும், யார் வணங்கினாலும் தலை மட்டும் சற்றே அசையும். வகுப்பில் பாடம் நடத்தும்போதுகூடப் புத்தகத்தை வாய்க்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொள்வேன். திங்கட்கிழமை முதல் பேருந்தில் மலையேறி, அங்கே தலைமையாசிரியர் வீட்டை ஒட்டிய ஓர் அறையில் தங்கி, சனிக்கிழமை இறங்குவேன். இரண்டு ஆண்டுகள் இப்படியே சென்றன. அந்த முகத்தை நான் எங்கும் கழற்றியதில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருந்தது. வீட்டில் சிரிக்காதே என்றார்கள். வீதியில் சிரி என்றார்கள்! கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் நான் நின்றால் போதும், முன்பின் அறியாத எவராவது ஒருவருக்கு என் முகத்தைப் பற்றிக் கவலை வந்துவிடும். “கொஞ்சம் சிரிச்சா இன்னா கொறஞ்சிடும்?” என்பார் ஒருவர். “யாரு வூட்ல எழவு?” என்று இன்னொருவர் தம் நண்பரிடம் கேட்பதுபோல எனக்குக் கேட்கும்படி கேட்பார். என் அப்பாவைவிட மூத்த ஒருவர், சோடாவைக் குடித்து முடித்துவிட்டு, பெண்பிள்ளை என்றால் முகத்தில் ஒரு களை வேண்டாமா என்று எனக்கு அறிவுரையே வழங்கினார். ஒரு நாள் இவர்கள் சொல்லுக்கு இணங்கிச் சிரித்திருந்தால், மறுநாள் இவர்களே அதை ஊருக்குச் சொல்லியிருப்பார்கள். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்ததால் உதடுகளை இன்னும் இறுக்கிக்கொள்வேன்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

பேருந்தில் கால் வைக்க இடமில்லை. புளிக்கூடைகள், கடுக்காய் மூட்டைகள், கால் கட்டிய கோழிகள், பலாப்பழங்கள். கள்ளக்குறிச்சியில் விற்பதற்காக மலைப்பெண்கள் பதினைந்து பேருக்கு மேல் ஏறியிருந்தார்கள். எனக்கு முன்பக்கம் ஒரு சன்னலோர இருக்கை கிடைத்தது. பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மலைப்பெண், குழந்தையை வைத்திருப்பதுபோல மடியில் ஒரு பெரிய பலாப்பழத்தை வைத்திருந்தார். அவர் மகள் என் வகுப்பில் படித்தாள். ஆதலால் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து சிரித்தார். நான் வழக்கம்போலத் தலையை அசைத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பும்போதுதான் கவனித்தேன். இரண்டு இருக்கைகளுக்குப் பின்னால் எங்கள் ஊர்ப் புளி வியாபாரி உட்கார்ந்திருந்தார். எனக்குச் சித்தப்பா முறை. புளி கொள்முதலுக்காக மலைக்கு அடிக்கடி வருபவர். மலையில் காலையில் தும்மியவர் யார் என்பதை மாலையில் நைனார்பாளையத்தில் சொல்லக்கூடியவர் என்று அவருக்குப் பெயர். நான் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கும் இன்ஜின் பெட்டியின் மீது ஒரு மனிதர் எங்களைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தார். வெளியூர்க்காரர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் மடிப்புக் கலையாத கைக்குட்டை. பேருந்து முதல் வளைவில் திரும்பியதும் அவர் ஆரம்பித்தார்.

“டீச்சரா நீங்க? சாரி, கேட்டுட்டேன். மொகம் லட்சணமாத்தான் இருக்குது, அதுக்கு எதுக்குப் பூட்டு? கொஞ்சம் சிரிங்களேன்.”

நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை. அடுத்த வளைவில், “சிரிச்சா சம்பளத்துல புடிச்சிப்பாங்களா?” என்றார். பின்னாலிருந்து இரண்டு மூன்று ஆண்குரல்கள் கொக்கரித்தன. அதற்கடுத்த வளைவில், தாம் கீழே இறங்குவதற்குள் டீச்சரம்மாவைச் சிரிக்க வைத்துக் காட்டுவதாகப் பேருந்துக்கே சவால் விட்டார். நடத்துநர், “சும்மா வாங்க சார், அவங்க அப்பிடித்தான்” என்று சொல்லிப் பார்த்தார். அந்த மனிதரின் உற்சாகம் கூடியதே ஒழியக் குறையவில்லை.

என் நிலைமையைச் சற்று நினைத்துப் பாருங்கள். பதில் சொன்னால், பேருந்தில் ஓர் ஆணோடு வாய் கொடுத்தாள் என்றாகும். அழுதால், ஏதோ இருக்கப்போய்த்தானே அழுதாள் என்றாகும். சிரித்தாலோ கேட்கவே வேண்டாம், பின்னால் சித்தப்பா இருக்கிறார்! அன்று மாலையே என் வேலை முடிந்துவிடும். திங்கட்கிழமை என் வகுப்பில் வேறொருவர் நிற்பார். மலையடிவாரத்தில் இருக்கும் கச்சிராயபாளையம் வரைக்கும் தாங்கிவிட்டால் போதும் என்று வளைவுகளை எண்ணத் தொடங்கினேன்.

அப்போது பக்கத்தில் இருந்த பலாப்பழக்காரப் பெண் வாய் திறந்தார்.

“இன்னா அண்ணா, பொம்பள சிரிக்கிறத பாக்கணுமா உனுக்கு?”

அவர் குரலில் கோபமே இல்லை. கடையில் வந்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்கும் தொனி. அந்த மனிதர் மகிழ்ந்துபோய், “ஆமாம்மா, நீயாவது சொல்லு” என்றார்.

“அதுக்கு எதுக்கு டீச்சரக் கேக்கற? அது ஒண்டியாளு. நாங்க இத்தினி பேரு இருக்கறோம்ல?” என்றவர், இருக்கையிலிருந்து பாதி எழுந்து, பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏ, சிரிங்கடீ! அண்ணன் பாக்கணுமாம்!”

மலையில் சாமையும் தினையும் கதிர் விடும் காலத்தில் கிளிகளை விரட்டுவதற்காகப் பெண்கள் காட்டில் வரிசையாக நின்று குரல் எழுப்புவார்கள். ஒருத்தி தொடங்க, அடுத்தவள் வாங்கி, அடுத்த சரிவுவரை அந்தக் குரல் ஓடும். பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது எத்தனையோ முறை எரிச்சலோடு அதைக் கேட்டிருக்கிறேன். அதே முறையில் பேருந்துக்குள் சிரிப்பு கிளம்பியது! முன்னால் இருந்த ஒருவர் “ஹோ” என்று எடுத்துக்கொடுத்தார். நடுவில் இருந்தவர்கள் பற்றிக்கொண்டார்கள். கடைசி வரிசையில், கோழிகளை வைத்திருந்தவர்கள், மேல்ஸ்தாயியில் முடித்து மீண்டும் முன்னால் அனுப்பினார்கள். முதலில் அது செய்துகாட்டிய சிரிப்புதான். ஒரு வளைவு கடப்பதற்குள் உண்மைச் சிரிப்பாகிவிட்டது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாத்துக்க அண்ணா, நல்லாப் பாத்துக்க!” என்றார். இன்னொருவர், “கண்ணாடியக் கழட்டிட்டுப் பாரு, தெளிவாத் தெரியும்!” என்றார். ஒருவர், “போதுமா, இன்னங்கொஞ்சம் போடட்டுமா?” என்று குழம்பு ஊற்றுபவர்போலக் கேட்டார்.

அந்த மனிதரின் முகம் போன போக்கை எழுத எனக்கு எழுத்துத் திறமை போதாது. முதலில் தாமும் சிரித்தார். பிறகு சிரிப்பதுபோல வாயை வைத்துக்கொண்டார். பிறகு அதுவும் போயிற்று. ஓட்டுநரின் தோள்கள் குலுங்கின. அந்த வேளையில் பேருந்து ஒரு கூரிய வளைவில் திரும்ப, பாதி எழுந்து நின்ற பெண்ணின் பிடியிலிருந்து பலாப்பழம் நழுவியது. நழுவியது என்றா சொன்னேன்? புறப்பட்டது! கூடைகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்து நேராக உருண்டுபோய் அந்த மனிதரின் பாதத்தில் மோதியது. அவர் “அம்மா!” என்று அலறிக் கால்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டு இன்ஜின் பெட்டிமேல் குந்தினார். கறுப்புக் கண்ணாடி ஒரு புளிக்கூடையில் விழுந்தது.

நான் சிரித்துவிட்டேன்.

புன்னகை என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு ஆண்டுகளாக அடைத்துவைத்திருந்த மதகு திறந்ததுபோல, வாய் திறந்து, தலை பின்னால் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். நிறுத்த முயன்றேன், முடியவில்லை. சித்தப்பா பின்னால் இருக்கிறார் என்ற நினைவு வந்தது. அந்த நினைவும் எனக்குச் சிரிப்பாகவே இருந்தது!

பலாப்பழக்காரப் பெண் என் பக்கம் திரும்பினார். என் வாயையே பார்த்தார். பிறகு பேருந்து முழுவதற்கும் கேட்கும்படி கத்தினார்.

“அடியேய்! டீச்சருக்குப் பல்லு இருக்குதுடீ!”

உடனே எல்லாத் திசைகளிலிருந்தும் கழுத்துகள் நீண்டன. “எங்க? எங்க?” “மேல இருக்குதா?” “ரெண்டு வரிசையும் இருக்குதுடீ!” ஒருவர் எழுந்து வந்து குனிந்தே பார்த்துவிட்டுப் போனார்.

கச்சிராயபாளையத்துக்கு முன்பே, அணைக்கட்டுப் பக்கம், அந்த மனிதர் இறங்கிக்கொள்வதாகச் சொன்னார். “கள்ளக்குறிச்சிக்கு இல்ல சார் டிக்கெட்டு வாங்குனீங்க?” என்றார் நடத்துநர். பரவாயில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் இறங்கினார். நடத்துநர் விசிலை வாயில் வைப்பதற்கு முன், “கொஞ்சம் சிரிச்சாப்பல எறங்குங்க சார்” என்றார். பேருந்து மறுபடியும் அதிர்ந்தது.

அதன்பின் பலாப்பழக்காரப் பெண் எனக்கு விளக்கம் சொன்னார். “கோச்சிக்காத டீச்சரு. நீ வந்த நாளா வாயத் தொறந்து சிரிச்சி யாரும் பாத்ததில்ல. எம்பொண்ணு சொல்லுச்சி, பாடம் எடுக்கும்போதுகூட புஸ்தகத்த வெச்சி மறைச்சிக்கும்னு. முன்னால பல்லு போயிருக்கும், பாவம், வயசுப் பொண்ணு, வெக்கப்படுதுன்னு நெனச்சிக்கினோம். ‘பல்லில்லாத டீச்சரு’ன்னுதான் எங்க பக்கம் உம்பேரு.”

இரண்டு ஆண்டுகள் கல்போல நின்று நான் காப்பாற்றிய பெயர் இதுதான்! எனக்கு முகம் சுட்டது. கட்டுப்பாடு மிக்கவள், கண்ணியம் மிக்கவள் என்று மலை முழுவதும் என்னைப் பற்றிப் பேசுவதாக நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்களோ எனக்காக இரக்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். வழியில் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் சிரித்ததும், நான் தலையை மட்டும் அசைத்ததும், அதற்குப் பின்னும் மறுநாள் அவர்கள் சிரித்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பட்டம் பெற்றவள் என்ற எண்ணத்தில் அவர்கள் என்னை ‘நீ’ என்று அழைப்பதற்காக உள்ளூர முகம் சுளித்தவள் நான். ஆபத்தில் எனக்குத் துணையாக எழுந்து நின்றது அந்த ‘நீ’தான்.

என்னையறியாமல் அந்தப் பெண்ணிடம் அப்பாவின் நிபந்தனையைச் சொல்லிவிட்டேன். சிரித்தால் சந்தி சிரிக்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறார், எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இதே பேருந்தில் இருக்கிறார் என்றேன்.

“சந்தி எங்க சிரிச்சிது? நாங்கதான சிரிச்சோம்?” என்றார் அவர்.

கள்ளக்குறிச்சியில் இறங்கி நைனார்பாளையம் பேருந்தில் ஏறினேன். சித்தப்பாவும் ஏறினார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சிவிடலாமா என ஒரு முறை தோன்றியது. சின்னசேலம் வருவதற்குள் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். நான் செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பது என் இயல்புக்கு ஒவ்வாது. ஊர் வந்ததும் அவர் எனக்கு முன்னால் இறங்கி, தேநீர்க் கடையில் விட்டிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் தெருப் பக்கம் மிதித்தார். இவ்வளவு வேகமாக அவர் சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நான் நடந்தேன்.

வீட்டு வாசலில் சைக்கிள் நின்றது. அம்மா சமையலறை வாயிலில் நின்று, கண்ணால் கொட்டகையைக் காட்டினார். அப்பா அங்கே மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். பக்கத்தில் சித்தப்பா, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தவரின் நிறைவோடு நின்றுகொண்டிருந்தார்.

“பஸ்ஸுல சிரிச்சியாமே?” என்றார் அப்பா. தலை நிமிரவில்லை.

“சிரிச்சேன்பா.”

“எல்லாரும் பாக்கறாப்பல?”

“எல்லாரும் பாக்கறாப்பலதாம்பா.”

அப்பா தவிட்டுக் கையை உதறிவிட்டு எழுந்தார். இதோ முடிந்தது என்று நினைத்தேன். அவருடைய கோபம் வேறொரு பக்கம் பாய்ந்தது.

“எம்பொண்ணுக்குப் பல்லு இல்லன்னு எவன் சொன்னான்?” என்று சித்தப்பாவைப் பார்த்து உறுமினார். “ரெண்டு வருசமா மல பூரா சொல்லிக்கினு இருக்கானுங்க. நீயும் மாசத்துக்கு நாலு வாட்டி போற, காதுல உழல உனுக்கு? இந்தா பாரு!” ஆள்காட்டி விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். “இவ பல்லு மொளச்சப்ப கடிச்ச கடி. இன்னும் தழும்பு இருக்குது. பல்லு இல்லியாம், பல்லு!”

சித்தப்பா இரண்டடி பின்வாங்கினார். “நான் சொல்லலண்ணா, அவங்கதான்...” என்று இழுத்தார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். “இன்னாம்மா பாக்கற? திங்கக்கெழமையில இருந்து போம்போதும் வரும்போதும் நாலு பேரு கண்ணுக்குத் தெரியிறாப்பல சிரிச்சிக்கினு போ. பல்லு இருக்குதுன்னு ஊருக்குத் தெரியட்டும்.”

பிழைத்தேன் என்று தலையாட்டியிருக்க வேண்டிய இடம் அது. வேலை நிலைத்தது, தண்டனை இல்லை, வேறென்ன வேண்டும்? ஆனால் என் காதில் இன்ஜின் பெட்டிமேல் இருந்த அந்த மனிதரின் குரல் கேட்டது. சிரி என்றார் அவர். சிரிக்காதே என்றார் அப்பா. இப்போது அப்பாவும் சிரி என்கிறார். என் வாயை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது. என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை.

“மாட்டேன்பா” என்றேன்.

அம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது எனக்குக் கேட்டது.

“அந்தாளு சொன்னதுக்கு நான் சிரிக்கல. நீங்க சொல்றீங்கன்னும் சிரிக்க மாட்டேன். எனக்குச் சிரிப்பு வந்துச்சின்னா சிரிப்பேன். வரலன்னா சிரிக்க மாட்டேன். அதுக்காக வேலைய வுடச் சொன்னீங்கன்னா இப்பவே சொல்லிடுங்கப்பா.”

என் வாழ்க்கையில் அப்பாவிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் முறை. அப்பா என்னைப் பார்த்தார். சித்தப்பா மெல்லச் சைக்கிள் பக்கம் நகர்ந்தார். அப்பா மறுபடி குனிந்து, தொட்டியில் கையை விட்டு, கட்டியாகக் கிடந்த தவிட்டைக் கரைத்தார்.

“திங்கக்கெழம மொத பஸ்ஸா?” என்றார்.

“ஆமாம்பா.”

“நால்ர மணிக்கு எழுப்பறேன்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் சிரிப்பைப் பற்றி அவர் எந்நாளும் எதுவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மலையில் இறங்கி நடந்தபோது, பலாப்பழக்காரப் பெண் தலையில் விறகோடு எதிரே வந்தார். அந்த முறை அவர் சிரிப்பதற்காக நான் காத்திருக்கவில்லை. நான் முந்திக்கொண்டேன். “பழம் வித்துதா?” என்று கேட்டேன். அடிபட்ட பழத்தை யாரும் வாங்கவில்லை என்றும், பேருந்து நிலையத்திலேயே அறுத்து எல்லாரும் தின்றதாகவும் சொன்னார். எனக்கென்று எடுத்து வைத்திருந்த சுளைகளை அன்று மாலை அவர் மகள் இலையில் பொதிந்து கொண்டுவந்து கொடுத்தாள். வகுப்பில் நான் புத்தகத்தைத் தாழ்த்திப் பிடித்துப் பாடம் நடத்தியதைப் பார்த்துக் கடைசி வரிசையில் ஒரே கிசுகிசுப்பு. என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கேளாததுபோல இருந்துவிட்டேன்.

இப்போது பேருந்து நிலையத்தில் யாரும் என்னைச் சிரிக்கச் சொல்வதில்லை. வயது அந்தத் தொல்லையிலிருந்து விடுதலை கொடுத்துவிட்டது. புகைப்படம் எடுப்பவர்கள் மட்டும் இன்னமும் சொல்கிறார்கள், நான் அவர்களை நேராகப் பார்க்கிறேன், அவர்கள் அப்படியே எடுத்துவிடுகிறார்கள். சென்ற ஆண்டு மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் விழுந்தன. பல் கட்டிக்கொள்ளுங்கள், வாய் திறந்தால் நன்றாக இல்லை என்று வீட்டில் வற்புறுத்துகிறார்கள். அந்த மலைப்பெண்கள் எனக்கு வைத்த பெயர் இப்போதுதான் உண்மையாகியிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம், யாரும் சொல்லாமலே, அந்த இடைவெளி முழுவதும் தெரிய நான் சிரிக்கிறேன்.